நிழலைத் தேடி ஒரு நாள் பிரயாணம்

குற்றாலத்து அருவியைக் காணப் புறப்பட்டவர் வழியில் ஓர் உறவினர் வீட்டில் தங்கி மறுநாள் போய்ச் சேர்ந்தாலும் அருவி அவருக்காக விழுந்துகொண்டுதான் இருக்கும். தஞ்சைப் பெரிய கோயிலோ ஆயிரம் ஆண்டுகளாக நின்ற இடத்திலேயே நின்று, வருகிறவர் எப்போது வந்தாலும் தரிசனம் தருகிறது. சூரிய கிரகணம் அவ்வகைக் காட்சியன்று. இன்ன தேதியில், இன்ன மணிக்கு, இன்ன ஊர்களின்மேல் அது கடந்து செல்லும் என்பதை நூறு ஆண்டுகளுக்கு முன்பே கணித்துச் சொல்லிவிடலாம். ஆயினும் அந்த ஊரில் அந்த நிமிஷத்தில் நாம் இல்லாவிட்டால் அது நமக்கு இல்லை. ஆகையால் கிரகணத்தைக் காண ஆசைப்படுகிறவர் வானத்தை அண்ணாந்து பார்க்குமுன் தேசப்படத்தை விரித்துப் பார்த்தாக வேண்டும்.

2019-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி, மார்கழி அமாவாசையன்று, தமிழ்நாட்டின் குறுக்கே ஒரு கங்கண கிரகணம் சென்றது. அரேபியப் பாலைவனத்தில் சூரியோதயத்தோடு தொடங்கிய நிழல் கடலைக் கடந்து, கேரளத்தின் வடகோடியில் செறுவத்தூர் அருகே கரையேறி, உதகமண்டலம், கோயம்புத்தூர், அவிநாசி, கரூர், திண்டுக்கல், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை ஆகிய ஊர்களைத் தழுவிக்கொண்டு, யாழ்ப்பாணத்தையும் தொட்டு, சிங்கப்பூரை நோக்கிப் போயிற்று. அந்தப் பட்டையின் அகலம் ஏறக்குறைய 120 கிலோமீட்டர். அதன் தென் விளிம்புக்குச் சற்றே வெளியே மதுரையும், வட விளிம்புக்குச் சற்றே வெளியே தஞ்சாவூரும் அமைந்துவிட்டன. அவ்விரு நகரங்களிலும் வீட்டு மாடியில் நின்று பார்த்தவர்கள் மெலிந்த பிறை ஒன்றைக் கண்டார்கள். இரண்டு மணி நேரப் பிரயாணத்துக்குச் சோம்பாதவர்கள் முழு வளையத்தைக் கண்டார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் மறைந்த சூரியனைப் பார்த்தாயிற்றே, மிச்சம் சில பங்குக்காக ஓடவேண்டுமா என்று கேட்பவர் உண்டு. பிறை எவ்வளவு மெலிந்தாலும் பிறைதான். அது வளையமாக மூடிக்கொள்ளும் கணத்தில் நிகழ்வது வேறு ஜாதிக் காட்சி. இதைக் கண்டவர் ஒருவரும் பிரயாணம் வீண் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

இந்தப் பட்டை ஏன் இவ்வளவு குறுகியது என்பதைச் சற்று விளக்கவேண்டும். சூரியன் சந்திரனைவிடக் குறுக்களவில் சுமார் 400 மடங்கு பெரியது. நம்மிடமிருந்து சுமார் 400 மடங்கு தொலைவிலும் இருக்கிறது. ஒற்றை ரூபாய் நாணயத்தைக் கண்ணருகே பிடித்தால் எதிரே உள்ள கோபுரமே மறைந்துவிடுவதுபோல, சிறிய சந்திரன் பெரிய சூரியனை மறைக்க வல்லதாகிறது. சந்திரனுடைய பாதை பூமியின் பாதைக்கு ஐந்து பாகை அளவு சாய்ந்திருப்பதால் ஒவ்வோர் அமாவாசையிலும் இது நேர்வதில்லை. இரு பாதைகளும் சந்திக்கும் புள்ளிகளை ஒட்டி அமாவாசை வாய்க்கும்போதுதான் நேர்கிறது. அந்தப் புள்ளிகளுக்கே நம் முன்னோர் ராகு என்றும் கேது என்றும் பெயரிட்டார்கள். சந்திரனின் நிழல் கூம்பு வடிவில் கூர்ந்துகொண்டே வந்து பூமியைத் தொடுமானால், தொட்ட இடத்தில் பூரண கிரகணம். சந்திரன் சற்று எட்ட இருந்து, கூம்பின் நுனி ஆகாயத்திலேயே முடிந்துபோனால், அதற்கு நேர் கீழே நிற்பவர்களுக்குக் கறுத்த சந்திர பிம்பத்தைச் சுற்றிச் சூரியனின் விளிம்பு மிஞ்சித் தெரியும். அதுவே கங்கண கிரகணம். 2019-இல் இன்னொரு காரணமும் சேர்ந்தது. பூமி சூரியனுக்கு மிக அண்மையில் வருவது ஜனவரி முதல் வாரத்தில். ஆதலால் மார்கழிச் சூரியன் மற்ற மாதங்களைவிடச் சிறிதளவு பெரிய வட்டமாகத் தோன்றுகிறது. அந்தப் பெரிய வட்டத்தை மூட அன்றைய சந்திரனுக்கு நூற்றில் மூன்று பங்கு குறுக்களவு போதாமற்போயிற்று.

தமிழ்நாட்டில் கிரகணம் என்றால் கதவைச் சாத்திக்கொள்வதே வழக்கமாக இருந்துவந்திருக்கிறது. கோயில்களில் நடை சாத்துவார்கள், சமைத்த பண்டத்தில் தர்ப்பைப் புல்லைப் போட்டு வைப்பார்கள், கர்ப்பிணிகளை வெளியே விடமாட்டார்கள், விட்டபின் ஸ்நானம். தாம்பாளத்து நீரில் உலக்கையை நிறுத்தி, அது விழாமல் நிற்பதைக் கிரகணத்தின் சக்தி என்று காட்டுவார்கள். அடிப்பாகம் சமமாக உள்ள உலக்கை எந்த நாளிலும் நிற்கும். ஆனால் சூரியனை வெறுங்கண்ணால் பாராதே என்று பாட்டிமார் விதித்ததில் முழு உண்மை இருந்தது என்பதை மறந்து இவற்றையெல்லாம் ஒரே மூச்சில் ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. எனக்கு ஆச்சரியம் தருவது வேறொன்று. வெளியே வந்து பாராத இந்தச் சமூகம்தான் கிரகணத்தை மிக நுட்பமாகக் கணக்கிட்டும் வைத்திருந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டில் லெ ஜென்டில் என்ற பிரெஞ்சு வானசாஸ்திரி புதுச்சேரியில் தங்கியிருந்தபோது, தமிழ்க் கணிதர் ஒருவர் 1765-ஆம் ஆண்டுச் சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமக்குக் கணித்துக் காட்டிய விதத்தைப் பதிவு செய்திருக்கிறார். அந்தக் கணக்குக்கும் நிகழ்ந்ததற்கும் வித்தியாசம் 41 விநாடி. அக்காலத்து ஐரோப்பியர் போற்றிய மேயருடைய அட்டவணைகள் தந்த விடையோ 68 விநாடி பிசகியிருந்தது. அறுபது ஆண்டுகள் கழித்து ஜான் வாரன் என்பவர் சென்னையில் வெளியிட்ட ‘கால சங்கலித’ என்ற நூலில் புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் வருகிறார். அவர் எழுதுகோலைத் தொடவில்லை. மனப்பாடமான வாக்கியங்களை உச்சரித்துக்கொண்டே தரையில் சோழிகளை வைத்தும் எடுத்தும் 1825-ஆம் ஆண்டுச் சந்திர கிரகணத்தைக் கணித்தார். கிரகணத்தின் தொடக்கத்தில் அவர் கணக்கு நான்கே நிமிஷம் விலகிற்று. முடிவில் பிழை கூடுதலாகவே இருந்தது. ஆயினும் எவ்விதக் கருவியுமின்றி, பரம்பரையாக வந்த ஞாபகசக்தி ஒன்றைக்கொண்டே வானத்தின் நடையை இவ்வளவு நெருங்கிப் பிடித்த மனிதரை நினைக்கையில் கைகூப்பத் தோன்றுகிறது. அவருக்கு ஒரு தூரதர்சினி கிடைத்திருந்தால் என்னென்ன பார்த்திருப்பார் என்ற ஏக்கமும் கூடவே எழுகிறது.

கணக்கு இங்கே இருந்தது. கருவியோடு வந்து பார்த்தவர்கள் கடல் கடந்து வந்தார்கள். 1868-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் தேதிப் பூரண கிரகணத்துக்காகப் பிரெஞ்சுக்காரரான ஜான்ஸன் குண்டூருக்கும், சென்னை வானிலையத்தின் தலைவர் போக்ஸன் மசூலிப்பட்டணத்துக்கும் சென்றார்கள். அதே வானிலையத்தில் முதல் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாசாரி, ஹைதராபாத் சமஸ்தானத்து வனபர்த்தியில் தனியே ஒரு குழுவை நடத்தினார். சூரிய விளிம்பின் ஒளியை நிறமாலைக் கருவியால் பிரித்துப் பார்த்த அந்தக் காலத்து ஆராய்ச்சியில் தென்பட்ட மஞ்சள் கோடு ஒன்றுதான், பூமியில் அதுவரை அறியப்படாத ஹீலியம் என்ற தனிமத்தின் முதல் அடையாளமாயிற்று. பூமியில் அது அகப்பட 1895 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அடுத்தது 1871 டிசம்பர் 12. அன்றைய பூரண கிரகணத்தின் பாதையைப் படத்தில் பார்ப்பவருக்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. பேக்கல் கோட்டை, நீலகிரி, அவிநாசி, புதுக்கோட்டை, யாழ்ப்பாணம்! 148 ஆண்டுகளுக்குப் பின் கங்கணம் சென்ற வழியும் ஏறக்குறைய அதுவே. அன்று லாக்கியர் பேக்கலிலும், ஜான்ஸன் நீலகிரியின் சோலூரிலும், டென்னன்ட் தொட்டபெட்டாவிலும், போக்ஸன் அவிநாசியிலும் கருவிகளை நிறுத்தினார்கள். புதுக்கோட்டைக்கு வந்தவர் ரோமாபுரி வானசாஸ்திரியான ரெஸ்பிகி. அவர் தூரதர்சினியின் முகப்பில் ஒரு பட்டகத்தைப் பொருத்தி, சூரியனைச் சூழ்ந்த ஒளிமண்டலத்தை நிறங்களாகப் பிரித்துப் பார்த்தபோது, சிவப்பும் பச்சையும் நீலமுமாகத் தனித்தனி வளையங்கள் தோன்றின. அந்தப் பச்சை வளையம் எந்தப் பொருளால் உண்டாகிறது என்பது ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் விடுபடாத புதிராக இருந்து, பின்னரே பல லட்சம் பாகை வெப்பத்தில் தன் எலெக்ட்ரான்களில் பாதியை இழந்த இரும்பு தரும் ஒளி அது என்று தெளிவாயிற்று. புதுக்கோட்டைச் சீமையின் வானத்துக்கு இத்தகைய சரித்திரம் உண்டு என்பதை அந்தச் சீமைப் பிள்ளைகளே பள்ளியில் படிப்பதில்லையே என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

இந்த ஞாபகத்தாலேயே 2019-இல் நான் மதுரையிலிருந்து புதுக்கோட்டைச் சாலையைத் தேர்ந்துகொண்டேன். மார்கழி விடியலுக்கு முன், கோயில் ஒலிபெருக்கிகளில் திருப்பாவை ஒலித்துக்கொண்டிருந்த வேளையில் புறப்பட்டு, மேலூரையும் திருப்பத்தூரையும் பனிமூட்டத்தினூடே கடந்து, ஏழு மணிக்கெல்லாம் திருமயத்தை அடைந்தாயிற்று. சேதுபதிகள் எழுப்பிய கோட்டையைத் தலையில் தாங்கி, சிவனுக்கும் விஷ்ணுவுக்கும் குடைந்த கோயில்களை அடிவாரத்தில் ஏந்தி நிற்கும் அந்தப் பாறை, கிரகணப் பட்டையின் நடுக்கோட்டுக்கு வெகு அருகில் இருக்கிறது. நடுக்கோட்டை நெருங்க நெருங்க வளையம் நீடிக்கும் நேரம் கூடும் என்பதால், பட்டைக்குள் எங்காவது நின்றால் போதும் என்று திருப்தியடையாமல் இன்னும் சில கிலோமீட்டர் உள்ளே போவது எப்போதும் நல்லது. சாலையோரத்து வேப்பமரம் ஒன்றின் கீழ் இடம் பிடித்தோம். வேம்பைத் தேடியதற்குக் காரணம் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எட்டு மணி கடந்து சில நிமிஷங்களில், வடிகட்டிய கண்ணாடியின் வழியே, வட்டத்தின் மேல் வலப்புற விளிம்பில் ஒரு சிறு கறுப்புத் தட்டுப்பட்டது. வெறுங்கண்ணுக்கு வெளியுலகில் ஒரு மாறுதலும் இல்லை. பேருந்துகள் ஓடின, ஆடுகள் மேய்ந்தன. மேகங்கள் வந்து வந்து விலகின. வயலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு மூதாட்டி நின்று, “ஏன்யா, இன்னைக்குப் பார்த்தா கண்ணு போயிரும்கிறாகளே, நீங்க இப்படிப் பாக்குறீகளே?” என்று கேட்டார். “சும்மா பார்த்தாப் போயிரும் ஆத்தா, இந்தக் கண்ணாடியை வெச்சுப் பாருங்க” என்று கொடுத்ததும், முதலில் தயங்கி, பின் வாங்கிப் பார்த்து, “அட, கடிச்ச மாதிரியில்ல இருக்கு!” என்றவர் அப்புறம் வயலுக்குப் போகவில்லை. தம் பேரப்பிள்ளைகளையும் வரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

ஒன்பது மணிக்குமேல்தான் வெளிச்சம் மாறத் தொடங்கியது. மேகம் மறைத்தால் வரும் மங்கல் அன்று அது. நிழல்களின் ஓரம் கூர்மை அடைந்து, பாறையின் நிறம் வெளிறி, உறைக்கவேண்டிய வெயில் உறைக்காமல் போயிற்று. ஒன்பதரை மணியளவில் பிறையின் இரு கொம்புகளும் நீண்டு நீண்டு ஒன்றை ஒன்று நாடின. அவை சேருமிடத்தில் ஒளி தொடர்ச்சியாக இல்லாமல் மணி மணியாகத் துண்டுபட்டுத் தெரிந்தது. சந்திரனின் விளிம்பிலுள்ள மலைகளுக்கிடையே பள்ளத்தாக்குகளின் வழியே சூரிய ஒளி கசிவதால் உண்டாகும் மணிகள் அவை. 1836-இல் ஸ்காட்லாந்தில் பிரான்சிஸ் பெய்லி என்பவர் இவற்றை விவரித்து உலகறியச் செய்ததும் ஒரு கங்கண கிரகணத்தின்போதுதான். ஒரு கணத்தில் மணிகள் கூடின. வளையம்! எல்லாப் பக்கமும் சமமான அகலத்தில், நடுவே முழுக் கறுப்புடன், தென்கிழக்கு வானத்தில் அது நின்றது. சுமார் மூன்று நிமிஷம். அந்த நேரத்தில் யாரும் ஒழுங்காகப் பேசவில்லை. பிள்ளைகள் மட்டும் கூவினார்கள்.

வேப்பமரத்தின் உபயோகம் அப்போது வெளிப்பட்டது. இலைகளுக்கு இடையிலுள்ள ஒவ்வொரு சிறு இடைவெளியும் ஊசித்துளைக் காமிராவாகிச் சூரிய பிம்பத்தைத் தரையில் வீழ்த்துகிறது. சாதாரண நாட்களில் மரநிழலில் கிடக்கும் வட்ட வட்டமான ஒளிப்புள்ளிகள் அனைத்தும் சூரியனுடைய பிம்பங்களே; வட்டமாக இருப்பதால் நாம் அதைக் கவனிப்பதில்லை. அன்று எட்டரைக்கு அவை கடிபட்ட வட்டங்களாகவும், ஒன்பதுக்குப் பின் பிறைகளாகவும், ஒன்பதரைக்கு வளையங்களாகவும் மாறின. செம்மண்மேலும் எங்கள் சட்டைமேலும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த அந்த நூற்றுக்கணக்கான வளையங்களை, வானத்து வளையத்துக்குச் சமானமாகவே நான் மதிக்கிறேன். மரம் இல்லாத இடத்தில் அடுப்படிச் சல்லடையோ, ஊசியால் துளையிட்ட தபால் அட்டையோ போதும். ஒரு மீட்டர் தூரத்தில் ஏந்திய வெள்ளைத் தாளில் ஒன்பது மில்லிமீட்டர் அகலமுள்ள பிம்பம் விழும். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று தாளைப் பார்ப்பதால் கண்ணுக்கு எவ்வித அபாயமும் இல்லை. துளையின் வழியே சூரியனை நோக்குவது மட்டும் கூடாது.

கண்ணைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்லவேண்டும். கங்கண கிரகணத்தில், வளையம் பூரணமாக நிற்கும் நேரத்திலும், வெறுங்கண்ணால் பார்க்கத்தக்க நிமிஷம் ஒன்றுகூடக் கிடையாது. நூற்றில் ஆறு பங்கு சூரியன் மிஞ்சியிருக்கிறது; அந்த ஆறு பங்கே இருபதினாயிரம் பூரண சந்திரர்களின் ஒளிக்கும் மேற்பட்டது. விழித்திரையில் வலியை உணரும் நரம்பு இல்லாததால், வெந்துகொண்டிருக்கும்போது வேதனை தெரியாது. சில மணி நேரம் கழித்துப் பார்வையின் நடுவில் இருள் படரும்போதுதான் தெரியவரும், அந்தச் சேதம் சிலருக்கு நிரந்தரமாகிவிடுவதும் உண்டு. எக்ஸ்ரே பிலிம், புகைபிடித்த கண்ணாடி, குளிர்கண்ணாடி, சாணமோ மஞ்சளோ கரைத்த நீரில் தெரியும் பிரதிபிம்பம் ஆகிய எதையும் நம்பலாகாது. இதற்கென்றே சர்வதேசத் தரத்தில் செய்த கிரகணக் கண்ணாடியும், பற்றவைப்பவர்கள் உபயோகிக்கும் 14-ஆம் எண் கண்ணாடியும் தகுந்தவை. கீறலோ துளையோ விழுந்திருந்தால் எறிந்துவிடவேண்டும். இருகண் தூரதர்சினியின் பின்னால் கிரகணக் கண்ணாடியை அணிந்துகொண்டு பார்ப்பது பெருந்தவறு. குவிந்த ஒளி கண்ணாடியைக் கணத்தில் பொசுக்கிவிடும். வடிகட்டி, கருவியின் முகப்பில் இருக்கவேண்டும்.

மேகத்துக்கு மட்டும் மனிதர் செய்யக்கூடியது கொஞ்சமே. முன்னே சொன்ன லெ ஜென்டில், 1761-இல் சுக்கிரன் சூரியனைக் கடக்கும் காட்சிக்காக 1760-இலேயே பிரான்ஸிலிருந்து புறப்பட்டு, யுத்தத்தால் புதுச்சேரியில் இறங்க இயலாமல் நடுக்கடலில் அந்த வாய்ப்பை இழந்து, அடுத்த கடப்புக்காக எட்டு ஆண்டுகள் கீழ்த்திசைக் கடல்களிலேயே காத்திருந்தார். 1769 ஜூன் மாதத்தில் புதுச்சேரியில் எல்லாம் ஆயத்தமாயிருக்க, கடப்பு நிகழ்ந்த காலையில் வானம் மூடிக்கொண்டது. அது முடிந்தபின் வெயில் அடித்தது. அவருக்கு வேறிடம் ஓட வாகனம் இல்லை. நமக்கு உண்டு. முந்தின இரவே செயற்கைக்கோள் மேகப் படத்தைப் பார்த்து, பட்டையின் நீளவாக்கில் ஐம்பது நூறு கிலோமீட்டர் நகர்ந்துகொள்ளலாம். இதற்காகவே இரண்டு மாற்று இடங்களை முன்னதாக யோசித்து வைப்பதும், விடியுமுன் புறப்படுவதும், குடிநீரும் கட்டுச்சோறும் கையோடு கொண்டுபோவதும் அவசியம். கிரகண நாளில் பல சிறு உணவு விடுதிகள் கிரகணம் விடும்வரை அடுப்பு மூட்டுவதில்லை. வளையம் கலைந்தவுடன் வண்டியைக் கிளப்புகிறவர்களைத் திருமயத்திலும் கண்டேன். சந்திரன் முழுவதும் விலக இன்னும் ஒன்றரை மணிக்குமேல் ஆகும். அந்த நேரத்தில்தான் சுற்றியிருக்கும் ஊர்க்காரர்களோடு பேசவும், பார்த்ததைப் பிள்ளைகளுக்குப் படம் வரைந்து விளக்கவும் அவகாசம் கிடைக்கிறது.

அடுத்த வாய்ப்பு தொலைவில் இல்லை. 2031-ஆம் ஆண்டு மே மாதம் 21-ஆம் தேதி, புதன்கிழமை, இன்னொரு கங்கண கிரகணம் கொச்சி, கோட்டயம் வழியாக மலையைக் கடந்து, கூடலூர், மதுரை, காரைக்குடி, வேதாரண்யம் என்று தமிழ்நாட்டின் தென்பாதியைக் கடந்து செல்லவிருக்கிறது. இம்முறை நண்பகலை ஒட்டிய நேரம். கோடை விடுமுறைக் காலமாதலால் பிள்ளைகளுக்குப் பள்ளியும் இராது. நடுக்கோட்டில் நிற்பவர்களுக்கு வளையம் ஐந்து நிமிஷத்தையும் தாண்டி நீடிக்கலாம். சூரியன் தலைக்குமேல் இருக்கும் என்பதால் கழுத்து நோகாமல் படுத்துப் பார்க்க ஒரு பாயும், மே மாத வெயிலுக்குக் குடையும் வேண்டும். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இருப்பவர்கள் அன்று தெற்கே புறப்பட்டாக வேண்டும். பூரண கிரகணத்தையே பார்க்கவேண்டும் என்ற வைராக்கியமுள்ளவர்கள் 2034 மார்ச் 20-ஆம் தேதிக்குக் கார்கில்வரை போகத் துணியவேண்டும். அது ஒரு நாள் பிரயாணத்தில் அடங்காது, அந்த மாதத்தில் அங்கே பனியும் இருக்கும். மதுரைக்காரர்களுக்கோ 2031-இல் அந்தச் சிரமம் இல்லை. 2019-இல் விளிம்பைத் தொட்டு விலகிப்போன வளையம் அவர்களுடைய சொந்த வானத்திலேயே வருகிறது. கண்ணாடிகளை இப்போதே வாங்கி வைத்துக்கொள்வதைக் காட்டிலும், அந்த வருஷத்துச் சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு புதிதாக வாங்குவது நல்லது, ஏனெனில் பழைய வடிகட்டிகள் கீறல் விழுந்து பயனற்றுப் போகும்.